கூட்டேரிப்பட்டு ரோட்டில்

யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருஷம். விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே டிரங்க் ரோட்டில் சைக்கிளில் ரோந்து போவது ஏட்டு கோதண்டபாணியின் வேலை. பட்டாளத்து லாரிகள் வரிசையாக வரும்போது வண்டி, மாடு, மனிதர் எல்லாரையும் ஓரம் ஒதுக்கவேண்டும். என்ன ஆனாலும் அந்த வரிசை நிற்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு அது.

அன்று கூட்டேரிப்பட்டுக்கு இப்பால் மதகருகே ஒரு மல்லாட்டை வண்டி கவிழ்ந்து, கடலை மூட்டைகள் சிதறிக் கிடந்தன. ஏதோ ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஒரு மாடு செத்துவிட்டது. பண்ணை வண்டியோட்டி பெரியசாமியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி எலும்பு தெரிந்தது. அவன் பெண்சாதி சின்னபொண்ணு முந்தானையைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை.

கோதண்டபாணி தன் தலைப்பாகையை அவிழ்த்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினார். அந்த நேரம், பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடிய பஸ் ஒன்று முக்கிக்கொண்டு வந்தது. கைகாட்டி நிறுத்தினார். சேரி ஆளை ஏற்றினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள் என்றான் கண்டக்டர். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஏட்டு மிரட்டி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

தெற்கே புழுதி கிளம்பியது. பட்டாள லாரிகள்.

"ஏட்டய்யா, இந்தாளுக்கு நெனவு தப்பிக்கினு போவுது" என்றாள் சின்னபொண்ணு.

கோதண்டபாணி நடுரோட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். முதல் லாரி அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. வெள்ளைக்கார அதிகாரி இறங்கிவந்து வாய்க்கு வந்தபடி திட்டினான். பாதி அவருக்குப் புரியவில்லை. கீழே கிடந்தவனைக் காட்டினார். அதிகாரி குனிந்து காலைப் பார்த்தான். பிறகு இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னான். ஏட்டின் நம்பரையும் குறித்துக்கொண்டான்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பெரியசாமியின் காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கோதண்டபாணியைக் கான்ஸ்டபிளாக இறக்கி மரக்காணத்துக்கு மாற்றினார்கள்.

போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். பண்ணையில் வண்டிக்கு வேறு ஆள் வைத்துவிட்டதையும், குடிசையைக் காலிசெய்யச் சொன்னதையும் சின்னபொண்ணு தணிந்த குரலில் சொன்னாள். பெரியசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்னை ஏன் சாமி தூக்கியாந்தீங்க? ரோட்லயே வுட்டிருந்தா ஒரு நாளோட போயிருக்கும். இனிமே இவதான் ஓடியாடி எனக்கும் கூழு ஊத்தணும்."

கோதண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னபொண்ணு புருஷன் தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்து, கேப்பைக் கூழை வாயருகே கொண்டுபோனாள்.

"ஊத்துறேன். நீ குடி" என்றாள்.

அவன் வாய் திறக்க வெகு நேரம் ஆயிற்று. அதுவரை இருந்துவிட்டு, கோதண்டபாணி மரக்காணம் பஸ்ஸுக்கு எழுந்து போனார்.