பிறகு லெட்சுமணன்

மூன்றாவது தடவையாக லெட்சுமணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது. அவருடைய மனைவி செல்லாயிக்குத் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் வேண்டும். அதற்கு எங்கள் நிவாரணக் கந்தோரின் பட்டியலில் பெயர் வரவேண்டும். பெயர் வரக் குடும்ப அட்டை இலக்கம் வேண்டும். அட்டையோ உயிலங்குளத்துப் பக்கம் ஷெல் விழுந்த அன்று வீட்டோடு எரிந்துபோயிற்று. புதியது கேட்டால், ஊர்ப் பதிவு பார்க்கும் அதிகாரியான விதானையார், "நிவாரணப் பட்டியலில பேர் இருக்கெண்டு காட்டுங்கோ, தாறன்" என்கிறார். அந்தப் பட்டியல் எங்களுடையது.

"அங்க போனா இங்க போகச் சொல்றாங்க, இங்க வந்தா அங்க போகச் சொல்றீங்க மிஸ்," என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். முதல் இரண்டு தடவையும் 'பிறகு வாங்கோ' என்று அனுப்பியவள் நான்தான். அன்றும் அதையே சொன்னேன்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. மன்னாரில் அந்தக் கந்தோரின் கணினிக்காரி நான், அன்ரோனெற். இடம்பெயர்ந்தவர்களைப் பதிவதற்குப் பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். அதில் ஆளுக்கு ஒரு கோப்பு, குடும்பத்துக்கு ஒரு கோப்பு. ஆள் கோப்பின் முதல் வரி, குடும்பத்தைக் கொண்டுவா என்கிறது. கணினி போய்க் குடும்பத்தைத் திறந்தால், அதன் முதல் வரி, ஆளைக் கொண்டுவா என்கிறது. ஆளோ இன்னும் தன் முதல் வரியையே தாண்டவில்லை. அப்படி ஒரு பெயரே இங்கே இல்லை என்று சொல்லி எல்லாம் நின்றுவிடும். மூன்று நாளாக இதே கூத்து. வெளியே வரிசையில் நிற்கும் சனத்தின் வியர்வையும், பக்கத்து மதிலில் காயும் கருவாட்டு வாடையும், ஈயும். சீ, என்ன பிழைப்பு என்றிருந்தது.

லெட்சுமணன் படியிறங்கிப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதி வைத்திருந்தது அவருடைய கதையைத்தான். ஆளைக் கேட்டால் குடும்பம், குடும்பத்தைக் கேட்டால் ஆள்.

குடும்பத்தைக் கொண்டுவா என்ற வரியை ஆள் கோப்பின் தலைப்பிலிருந்து வெட்டி, குடும்ப விபரம் உண்மையாகவே தேவைப்படும் இடத்தில், உள்ளே கொண்டுபோய் ஒட்டினேன். வாசலிலேயே கேட்காதே, தேவை வரும்போது கேள். ஓடியது. அந்த வேகத்தில், இலக்கம் இல்லாதவர்களையும் பட்டியலில் விடும்படி செய்தேன். இலக்கக் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாதே என்று ஒரு சொல்லைப் போட்டேன். கைக்கு வந்தது 'பிறகு'தான். நாளுக்கு நூறு தடவை சொல்கிற சொல். ஒவ்வொரு வரியிலும் இலக்கம், தகப்பன் பெயர், ஆள் பெயர் என்று வரும். தகப்பன் பெயர் குடும்பக் கோப்பில் இருந்தது. இலக்கம் இல்லாமல் அது திறக்காது. அதனால் லெட்சுமணனின் வரியில், 'பிறகு லெட்சுமணன்' என்று மட்டும் அச்சாகியது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டதே.

வழியில் பஸ்ஸை மறித்துச் சோதிக்கும் ஆமிக்குக் கொடுக்கும், பட்டியலின் ஆங்கிலப் பிரதியை எங்கள் பொறுப்பாளர் பஸ்ரியன் சேர் தானே தட்டச்சு செய்வார். மீன் அடைத்த பணிஸ் ரொட்டி தின்றுகொண்டே செய்வார். விரலில் பட்ட எண்ணெயைச் சனத்தின் விண்ணப்பப் படிவங்களில் துடைப்பார். அன்றும் துடைத்தார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு லெட்சுமணனும் செல்லாயியும் வந்தார்கள். அவள் கழுத்தில் தையல் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் முத்திரையைக் கண்டதும் விதானையார் மறுபேச்சில்லாமல் அட்டை கொடுத்துவிட்டாராம்.

"அட்ட கெடச்சிருச்சு மிஸ். ஒங்களாலதான்," என்று நீட்டினார். "ஆனா இதுல அப்பா பேரு பிறகுன்னு போட்டிருக்கு. எங்கப்பா பேரு பெரியசாமி. அந்தப் பேர வச்சுத்தான் எனக்குப் பிரஜாவுரிமையே குடுத்தாங்க. தேயிலத் தோட்டத்துச் சனம் நாங்க, அதுக்காக அவரு இருவது வருசம் கந்தோர் கந்தோரா நடந்தாரு."

அட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ரியன் சேரிடம் ஓடினேன். நான் போட்ட சொல்லைத் தகப்பன் பெயர் என்று தட்டச்சு செய்திருக்கிறார். அதைத்தான் ஆமியும் ஆஸ்பத்திரியும் விதானையாரும் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

"தோட்டக்காட்டுச் சனம்தானே பிள்ளை," என்று அவர் சிரித்தார். "என்ன பேரும் வைப்பினம் எண்டு நினைச்சனான்."

"மாத்த வேணும், சேர்."

"மாத்தலாம். தகப்பன்ர பேர் சரியா உள்ள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

அந்தச் சிரிப்பு, பல்லிடுக்கில் மீன். அதைவிட அருவருப்பு, அந்தச் சொல் என்னுடையது என்பது.

திரும்பி வந்தபோது என் மேசை அச்சுப்பொறி அடுத்த வியாழனுக்கான பட்டியலைத் துப்பிக்கொண்டிருந்தது. லெட்சுமணன் குனிந்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

"பிறகு மாரிமுத்து. பிறகு ராக்கம்மா. பிறகு அருளப்பன்."

பதினான்கு வரி. கடைசி வரி வரை விரல் இறங்கியது. பிறகு நிமிர்ந்து, உண்மையாகவே அறியவேண்டி, கேட்டார்.

"இவங்கள்லாம் எனக்கு என்ன மொற வேணும் மிஸ்?"

செல்லாயி கழுத்துத் தையலைத் தடவியபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அச்சுப்பொறி அடுத்த தாளை இழுத்தது.