நாரைக்குச் சீமந்தம்

பிரம்மபுத்திராக் கரையில் நாரைகள் கூடு கட்டும் கதம்ப மரத்தடியில் நிருமாய் வலை கட்டியிருந்தாள். கூட்டிலிருந்து தவறி விழுந்த நாலு நாரைக் குஞ்சுகளைப் போன வருடம் அதுதான் தாங்கியது. இன்று அதே இடத்தில், அழிந்துவரும் நாரை இனம் பெருகட்டும் என்று ஊர் கூடி நாரைக்குச் சீமந்தம் நடத்துகிறது. அமைச்சருக்குப் பந்தல் போட வலை இடைஞ்சலாம்.

“அவுக்காதீங்க தலைவரே, மேளத்துக்குக் குஞ்சுங்க மிரளும்.”

“ஒரு மணி நேரம்தாம்மா. நாரைக்கே பொறுமை இருக்கு, உனக்கு இல்லையே,” என்றார் நாரைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் தம்பரு கலிதா.

வலையை அவிழ்த்தார்கள். மேளம் முழங்கியதும் பந்தலுக்கு வெளியே இரண்டு குஞ்சுகள் விழுந்து செத்தன. நிருமாய் அவற்றை மேலாடையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“நாரைகள் நம் பிள்ளைகள்,” என்று அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார்.

தலைவர் குனிந்து கிசுகிசுத்தார்: “மூடி வச்சுக்கோம்மா. போட்டோ எடுக்கிறாங்க.”

அவள் மூடிக்கொண்டாள்.