அன்ரனெற் வேலைக்குப் போன நாள்

கமலாம்பிகைக்கு நாற்பத்தொரு வயதில் துணிச்சல் வந்தது. அதுவும் இன்னொருத்தியின் பெயரில் வந்தது.

1992இல் அவளுடைய அகதி விண்ணப்பம் ஏதோ ஒரு கோப்புக்குள் கிடந்தது. வேலை செய்ய அனுமதிக்கும் வேர்க் பெர்மிற் வரவில்லை. ஸ்காபரோவில் அவளும் கணவனும் இருந்த அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அன்ரனெற் பிள்ளைத்தாச்சியாக வீட்டோடு நின்றாள். அவளிடம் முறையான சின் கார்ட், வேலைக்கென்று அரசாங்கம் கொடுக்கும் இலக்க அட்டை, இருந்தது. அது இல்லாமல் எந்த ஃபக்டரியும் ஆள் எடுக்காது.

"சும்மா கிடக்கிற கார்ட்தானே அக்கா, கொண்டுபோங்கோ" என்றாள் அன்ரனெற்.

அந்தக் கட்டடத்தில் பலர் இப்படி இன்னொருவராக வேலைக்குப் போய், பின்னேரம் தாங்களாகத் திரும்பி வந்தார்கள். ஒருவரும் அதைக் களவென்று நினைக்கவில்லை. மழைக்குக் குடை இரவல் கொடுத்த மாதிரித்தான்.

காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை கமலாம்பிகை அன்ரனெற் ஆனாள். ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு பிளாஸ்ரிக் மூடி செய்யும் இடம். கிறிஸ்தவப் பெயர் என்பதால் பொட்டை அழித்துவிட்டுப் போனாள். பெரிய வெள்ளி வந்தபோது பக்கத்தில் நின்ற பிலிப்பீனோக்காரி எந்தத் தேவாலயத்துக்குப் போவாய் என்று கேட்க, பஸ் ஜன்னலால் தினமும் கண்ணில் படுகிற ஒன்றின் பெயரைச் சொல்லிச் சமாளித்தாள்.

வீட்டில் அவள் வாய் திறப்பதில்லை. திறக்க அவசியமும் இருக்கவில்லை. கணவன் அருள்நாயகம் இரண்டு பேருக்குமாகக் கதைப்பார். ஒருமுறை டொக்டர் எங்கே நோகிறது என்று அவளைக் கேட்டார். "வயித்துக்குள்ள" என்றார் அருள்நாயகம். அவளுக்கு நொந்தது முதுகு. வயிற்றுக்குக் கொடுத்த மருந்தை இரண்டு கிழமை ஒழுங்காகக் குடித்து முடித்தாள்.

ஃபக்டரியில் இரண்டாம் மாதம், மூடிகள் விளிம்பில் வெடிப்போடு வரத் தொடங்கின. லைனில் நின்ற எல்லாரும் கண்டார்கள், எல்லாரும் அடுக்கினார்கள். லைனை நிறுத்துவது சூப்பர்வைசரின் வேலை. மற்றவர்கள் தொட்டால் வேலை போய்விடும் என்று பேச்சு. கமலாம்பிகை எட்டிச் சிவப்புப் பொத்தானை அமத்தினாள். சூப்பர்வைசர் ராம்டீன், கயானாக்காரன், கத்திக்கொண்டு ஓடி வந்தான். அவள் ஒரு மூடியை அவன் மூக்குக்கு நேரே பிடித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லாம் உடைசல் என்றாள். அவன் போய் அச்சைப் பார்த்தான். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவளை லைனின் தலைப்பில் நிறுத்தினான்.

அது எங்கிருந்து வந்த துணிச்சல் என்று அவளுக்குத் தெரியும். வேலையால் நிற்பாட்டினால் அன்ரனெற்றைத்தான் நிற்பாட்டுவார்கள். கமலாம்பிகை என்றால் எட்டு மணித்தியாலமும் உடைசலையே அடுக்கியிருப்பாள்.

ஒரு வருடத்தில் அன்ரனெற் ஃபக்டரியில் பெரிய ஆள். பெட்டி தூக்கும் வண்டிக்காரன் வழியை மறித்து நிறுத்தினால் அவளிடம் பேச்சு வாங்குவான். இயந்திரம் முனகினால் அன்ரனெற்றைக் கூப்பிடு என்பார்கள்.

93 மார்ச்சில் எல்லாம் ஒரே கிழமைக்குள் வந்து விழுந்தன. லைன் லீடர் வேலை காலியாகிறது, திங்கட்கிழமையிலிருந்து நீதான் என்றான் ராம்டீன். வீட்டுக்கு வந்தால் தபாலில் கமலாம்பிகையின் சொந்த வேர்க் பெர்மிற். வெள்ளிக்கிழமை அன்ரனெற் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"மாமி வந்திட்டா அக்கா, பிள்ளையைப் பாப்பா. நான் வேலைக்குப் போகப்போறன். கார்ட் வேணும்."

"ஓம், எடும்."

"லீடர் வேலையாமே? அதுக்கு நான் போறன். என்ர பேருக்குத்தானே தந்தவங்கள்."

கமலாம்பிகை கணவனைப் பார்த்தாள். "பிள்ளை சொல்லுறது நியாயம்தானே" என்றார் அருள்நாயகம். "பேர் அவவின்ர."

"ஆள் மாறினது அவங்களுக்குத் தெரியாதோ?" என்று கமலாம்பிகை மெல்லக் கேட்டாள்.

"உவங்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே மூஞ்சை அக்கா. தொப்பியும் போட்டால் ஆர் கண்டது?"

கமலாம்பிகை அவளைவிடப் பதினொரு வயது மூத்தவள், ஒரு சாண் கட்டை. ஆனாலும் தலையாட்டினாள். எந்த இயந்திரம் சூடேறும், எந்தப் பொத்தான் இறுகும் என்று குசினியில் வைத்துச் சொல்லியும் கொடுத்தாள். நீல மேலங்கியை அயன் பண்ணிக் கொடுத்தாள். அன்றிரவு அவளை உறுத்தியது வேலை போனதல்ல, அந்த அயன்தான்.

"ரெக்ஸ்டேல் பக்கம் ஆள் எடுக்கிறாங்களாம், நான் கதைக்கிறன்" என்றார் அருள்நாயகம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் அன்ரனெற் திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"அந்த மனிசன் என்னைப் பாத்து, அன்ரனெற் எங்கை எண்டு கேட்டான். நான்தான் எண்டன். இருக்கலாம், எனக்கு மற்ற ஆள்தான் வேணும் எண்டான்."

அருள்நாயகம் எழுந்துவிட்டார். "பொலிசுக்குச் சொல்லுவானோ?"

"மாட்டானாம். ஆனா உந்தக் கார்டை இனி அந்தப் பக்கம் காட்டப்படாதாம்." மேலங்கியைக் கதிரையில் எறிந்தாள். "என்ர பேரில வேலைக்குப் போறன் எண்டு, நான் போய் நிக்கேலாத பேரா எல்லோ எடுத்து வச்சிருக்கிறியள்!"

கமலாம்பிகை பெர்மிற்றை எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

"நில்லும், நானும் வாறன். நீர் போய் என்னத்தைக் கதைப்பீர்?" என்றார் அருள்நாயகம்.

"நீங்கள் நில்லுங்கோ. அங்கை என்ர வாய் எல்லாருக்கும் தெரியும்."

சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தெரிந்தது அன்ரனெற்றின் வாய்.

ஃபக்டரியில் ராம்டீன் தன் அறைக் கதவைச் சாத்தினான். "உன்னை நான் இன்றைக்குத்தான் முதல்தரம் பார்க்கிறேன். விளங்குதா?"

விளங்குது என்றாள். அவன் பெர்மிற்றை வாசித்தான். பெயரை ஒருதரம் வாய்க்குள் முயன்று பார்த்துவிட்டு விட்டான்.

"புது ஆளை லீடராகப் போட முடியாது. அடுக்குகிற வேலை இருக்கிறது. விரும்பினால் நாளைக்கு வா."

அன்ரனெற் என்றால் மேசையில் தட்டியிருப்பாள். ஆனால் இப்போது அவன் மறுத்தால் அது கமலாம்பிகைக்குத்தான் மறுப்பு. மாற்றிவிட வேறு ஆள் இல்லை. சம்மதமென்று தலை ஆடத் தொடங்கிவிட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளுக்குப் பிறகு போடுவாய்?"

"ஆறு மாதம் போகட்டும். பார்ப்போம்."

பார்ப்போம் என்ற சொல்லை அவளுக்கு எந்த மொழியில் சொன்னாலும் விளங்கும். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கேட்டிருக்கிறாள், தகப்பனிடம் கேட்டிருக்கிறாள், அருள்நாயகத்திடம் நாளாந்தம் கேட்கிறாள்.

"எழுதித் தா" என்றாள்.

ராம்டீன் சிரித்தான். அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றான். வேலை இருக்கிறது என்று கதவைக் காட்டினான். அவள் எழும்பவில்லை. துணிச்சலால் இருந்தாள் என்று சொல்ல முடியாது. எழும்பினால் அந்தப் பார்ப்போம்தான் கையில் மிஞ்சும் என்று பயந்தும் இருந்தாள். அவன் தொலைபேசியில் ஒருவரோடு கதைத்தான். தாள்களை அடுக்கினான். நிமிர்ந்து பார்த்தான். அவள் அங்கேதான் இருந்தாள்.

கடைசியில் ஒரு தாளைக் கிழித்து நாலு வரி எழுதினான். செப்டெம்பர் மாதம், லீடர் வேலைக்கு முதலில் கேட்கப்படும் ஆள், இன்னார். பெயரை பெர்மிற்றைப் பார்த்துப் பார்த்து எழுதினான். அவள் எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுத் தாளைத் திரும்ப அவனிடம் தள்ளினாள்.

"கையெழுத்து?"

போட்டான்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் கமலாம்பிகை மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறவில்லை. தாளை விரித்துத் தன் பெயரை இன்னொருதரம் வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் ஏறினாள்.