மூன்று சிரிஞ்சும் கொஞ்சமும்

கில்பட் பைக்கின் முன் ஷொக் குழாயைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். எண்ணெய் வருவதாக இல்லை. ஒரு துளி மட்டும் விளிம்புவரை வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. இந்த வேகத்தில் வடிந்து முடிய அடுத்த வருஷத்து அன்னம்மா திருநாள் வந்துவிடும். வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றுகிற கியர் ஒயில் அது. அதற்குப் பக்கத்தில் வைத்தால் தேன் வெறும் தண்ணீர்.

ஊற்றியவன் அவனேதான்.

மாமனார் நிக்கொலஸ் நோயில் படுத்த பிறகு அவருடைய மீன் யாவாரமும் பைக்கும் கில்பட்டின் கைக்கு வந்தன. பைக்கில் பின்னால் மீன் பெட்டி, முன்னால் பெற்றோல் டாங்கியின் மேல் ஐஸ் கூடை. பிரேக் பிடித்தால் பைக் தரையை முத்தமிடப் போவதுபோல் குனியும். மீனவ ஊரான கண்டக்குழியில் தேங்காயெண்ணெய் இல்லாத வீடு இருக்கலாம், கியர் ஒயில் இல்லாத வீடு இல்லை. அதை முன் ஷொக் இரண்டிலும் ஊற்றி, ஸ்பிரிங்குகளின் தலையில் இரண்டங்குலக் குழாய்த் துண்டுகளையும் செருகிவிட்டான். அதன் பிறகு அந்தப் பைக் ஆயருக்கு முன்னால்கூடக் குனிந்ததில்லை.

அதே பைக்கில்தான் மாமாவைக் கற்பிட்டிக்குக் கிளினிக் கொண்டுபோனான். மாமாவுக்கு முதுகெலும்பில் புற்று. டயனா தன் அப்பாவைப் புருஷனின் முதுகோடு சேர்த்துப் போர்வையால் கட்டி அனுப்புவாள். அந்தப் பாதையில் குழிகளுக்கு நடுவே தப்பித்தவறித்தான் றோட்டு கிடந்தது. சண்டை முடிந்து ஐந்து வருஷம். ஆமிக்காரர் செக் பொயின்ற்றைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாகனங்களை மெதுவாக்க அங்கே குறுக்கே புதைத்த பனங்குற்றியை மட்டும் விட்டுவிட்டார்கள். அது இன்னும் அடையாள அட்டை கேட்டுக்கொண்டு கிடந்தது. அதில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கில்பட்டின் பிடரியில் "ம்" என்று ஒரு சூடான மூச்சு விழும்.

"றோட்டு சரியில்ல, மகன்."

"ஓம் மாமா. இவங்க எங்க போடப் போறாங்க."

இப்படியே ஒன்றரை வருஷம் இரண்டு பேரும் ஒற்றுமையாக றோட்டைத் திட்டினார்கள்.

பிறகு கிளினிக்கும் நின்றது. மூக்கில் கஞ்சிக் குழாய் வந்தது. மாமா கேட்டது ஒன்றுதான்: தலவில அன்னம்மா கோயில் மணலில் ஒருக்கா இருந்துவிட்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலில் ஏற்றினார்கள். பனங்குற்றியில் அவர் போட்ட சத்தத்துக்குச் சுற்றுவட்டாரத்துக் காகமெல்லாம் கடல் தாண்டிப் போயிருக்கும். திருப்பிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். மூச்சு அடங்கியதும் மாமா சொன்னார்: "என்ட பைக்கில கொண்டு போ."

அதனால்தான் நேற்றுக் கில்பட் கற்பிட்டியில் லத்தீபின் கராஜுக்குப் போனான். லத்தீப் ஹேண்டிலை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தான். வயிற்றை வைத்து அமுக்கினான். லத்தீபின் வயிறு லேசுப்பட்டதல்ல; அதற்கும் ஷொக் அசையவில்லை.

"டேய் மச்சான், இது ஷொக்கா, உலக்கையா?"

"மீன் பெட்டிக்காக…"

"மீனுக்குச் சரி. அது செத்தது, நோகாது. வேற ஆர இதில ஏத்தின?"

கில்பட்டின் கண் பின் இருக்கைக்குப் போனது. லத்தீப் அவனையே பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மெல்லிய ஷொக் ஒயில் போத்தலொன்றை எடுத்து நீட்டினான்.

"ஒரு பக்கத்துக்கு நூற்றறுபது மில்லி. கூடக் குறைய ஊத்தினா ஒரு பக்கம் இழுக்கும். நாளைக்கே செய். அந்த மனுசன வச்சுக்கொண்டு நாள் கடத்தாத."

பின் ஷொக்கை ஒரு ஸ்பானரால் திருகி இளக்கியாயிற்று. முன்பக்கம்தான் காலையிலிருந்து மல்லுக்கட்டியது. மாமாவோடு கண்விழித்து, நாலு மாதம் சரியான நித்திரை இல்லாத உடம்பு. ஒரு நட்டைக் கழற்ற இரண்டு தரம் குந்தி எழும்பினான். முன் சில்லு ஒரு பக்கம், மட்காட் ஒரு பக்கம், தென்னங்குற்றியின் மேல் நாடியை வைத்துக்கொண்டு பைக் ஒரு பக்கம்.

யன்னலுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "என்ன தட்டுற?"

"ஷொக்க இளக்குறன் மாமா. நாளைக்குத் தலவிலைக்குப் போக."



"பிறகு மீன் பெட்டி ஏத்தினா மூக்கு குத்துமே."

"குத்தட்டும்."

"அந்தக் குழாய்த் துண்டு ரெண்டயும் எறிஞ்சிடாத. பிறகு தேவைப்படும்."

கில்பட்டின் கை நின்றது. குழாய்த் துண்டைப் பற்றி அவன் மாமாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யன்னலைப் பார்த்தான். அப்படியென்றால் றோட்டைத் திட்டிய ஒன்றரை வருஷமும் அவருக்குத் தெரிந்திருந்ததா? குழாயை மறுபடி உதறினான்.

ஒரு வழியாகக் குழாய் வடிந்தது. எண்ணெய் அளக்க, கஞ்சி கொடுக்கும் பழைய சிரிஞ்ச் இருந்தது. ஐம்பது மில்லி பிடிக்கும். மூன்று சிரிஞ்சும் கொஞ்சமும். முதல் குழாயை முடித்தபோது எண்ணெய் குடித்து றப்பர் ஊதி, சிரிஞ்ச் இறுகிவிட்டது.

"டயனா! மற்ற சிரிஞ்ச ஒருக்காத் தா. கழுவித் தாறன்."

"விசரா உங்களுக்கு? அப்பாவுக்குக் கஞ்சி குடுக்க வேணாமா?"

அவள் கஞ்சியோடு உள்ளே போனது கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. "அப்பா" என்றாள். இன்னொரு தரம் "அப்பா" என்றாள்.

வாசலில் வந்து நின்றபோது அவள் கையில் சிரிஞ்ச் நிறையக் கஞ்சி இருந்தது. ஒரு கோடுகூட இறங்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் கண்டக்குழி முழுக்க முற்றத்தில் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் சில்லைத் தாண்டி, மட்காட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா அக்கா ஒரே மூச்சில் ஒப்பாரியும் வைப்பாள், ஏசவும் செய்வாள்.

"என்ட ராசா, போயிட்டியே… டேய் கில்பட், மாமன் கிடக்கான், நீ பைக்குக்கு முன்னால குந்திக்கொண்டு இருக்க! ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவாங்க? …எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!"

"அரைவாசியில கிடக்கு அக்கா. சாமியார்ட்டப் போகணும், கிளாஸ் எடுக்கக் கோயில் ஹோலுக்குப் போகணும்."

"ஊரில த்ரீவீல் இல்லாத மாதிரி!"

இரண்டாவது குழாய் வடிந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பிலும் ஒரு துளி யோசித்துக்கொண்டு நின்றது.

டயனா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே வந்து, எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் மற்றச் சிரிஞ்சை வைத்துவிட்டுப் போனாள். கழுவியிருந்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமிருந்தது. கில்பட் அதை உதறி, சாரன் நுனியால் துடைத்தான். மூன்று சிரிஞ்ச் ஊற்றினான். பிறகு கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, அந்தக் கொஞ்சத்தையும் அளந்து ஊற்றினான். சில்லையும் மட்காட்டையும் பூட்டிவிட்டு, குழாய்த் துண்டு இரண்டையும் துடைத்து இருக்கைக்குக் கீழே வைத்தான்.

பின்னேரம் சாமியாரிடம் சொல்லிவிட்டு, கோயில் ஹோலில் தேத்தண்ணிக் கிளாஸ் வாங்கிக்கொண்டு திரும்பினான். அறுபது கண்ணாடிக் கிளாஸ். சுற்றக் கடதாசி அகப்படவில்லை. டாங்கியின் மேல் ஐஸ் கூடையில் அப்படியே அடுக்கிக்கொண்டு வந்தான்.

பனங்குற்றி வந்தது. பழக்கத்தில் தோளை இறுக்கிக்கொண்டான். பைக்கின் முன்பக்கம் மெதுவாகத் தாழ்ந்து, குற்றியை விழுங்கி, மெதுவாக எழும்பியது.

கில்பட் பிரேக் பிடித்தான். காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். றோட்டில் ஒருவரும் இல்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்க் குற்றியில் ஏற்றினான். மறுபடி திருப்பி, இந்தத் தரம் கொஞ்சம் வேகமாக ஏற்றினான்.

ஒரு கிளாஸ்கூடச் சத்தம் போடவில்லை.