காகிதத்தில் இல்லாத முட்டி

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் கட்டடத்தில் யாரும் எர்வினின் கண்ணில் படமாட்டார்கள். எர்வின் தங்கமான மனிதர். சீருடைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஆனால் அணியிலிருந்து யாரை நீக்குவதானாலும் போய்க் கூப்பிடுவது அவர் தலையில் விழுந்த வேலை. "மேல கூப்பிடுறாங்க. டேப்லட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்பார். ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த டேப்லட்டில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அவர் காபி எடுக்க வந்தால்கூட நூற்றைம்பது கிலோ ஆட்கள் எடைகளைக் கீழே போட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் ஹேஸல் நோவக். டொலீடோ ஸ்டோக்கர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியில் பத்தொன்பது வருடமாக உடல் பராமரிப்பாளர். கணுக்காலுக்குக் கட்டுப்போடுவது, ஐஸ் வைப்பது, யாருக்கு எங்கே வலி என்று அன்றாடம் பதிவேட்டில் எழுதுவது. இது அந்தப் பதிவேட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரு முட்டியின் கதை.

அந்த வருடம் எங்கள் அணியில் பந்தை எறிகிற பையனுக்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். இருபத்தைந்து வயது. தொகையைக் கேட்டு ஊரே கூத்தாடியது. கூத்து முடிந்த பிறகுதான் உச்சவரம்பு ஞாபகத்துக்கு வந்தது. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மார்ச்சில் ஒரு கெடு நாள், அன்று மாலை நாலு மணிக்குள் அதற்குள் அடங்கிவிட வேண்டும். நாங்கள் எண்பது லட்சம் டாலர் அதிகமாக இருந்தோம். முதலாளிகளிடம் பணம் இல்லாமல் இல்லை. செலவு செய்யக் கூடாது என்று அவர்களே சேர்ந்து போட்டுக்கொண்ட விதி, அவ்வளவுதான். அவர்கள் விதிக்கு வயிறு காய்கிறவன் வேறு ஒருவன் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த முறை அந்த ஒருவன் கார்னெல் பூத்ரோ. லூசியானாக்காரன், முப்பத்திரண்டு வயது. பந்தை எறிகிறவனை எதிரணி வந்து நசுக்கிவிடாமல் அவன் முன்னால் நின்று மறிப்பது கார்னெலின் வேலை. எட்டு வருடமாக நின்றான். சம்பளம் தொண்ணூறு லட்சம். எந்தப் பையனைக் காப்பாற்றினானோ அந்தப் பையனின் ஒப்பந்தம்தான் இவனை வெளியே தள்ளியது.

ஆனால் அவனை நீக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒப்பந்தத்தில் காயத்துக்கு உத்தரவாதம் இருந்தது. உடல் பரிசோதனையில் தேறாவிட்டால் சம்பளம் முழுவதையும் கொடுத்தாக வேண்டும், அறுவைச் சிகிச்சையும் அணியின் பொறுப்பு. அப்போது அவனை நீக்கினாலும் அந்தச் சம்பளம் வரம்புக் கணக்கில் அப்படியே நிற்கும், நீக்கிப் பயனில்லை. அதனால் முதலில் பரிசோதனை. தேறினால் ஒரு காசு தராமல் வெளியே. தேறாவிட்டால் உள்ளே. உலகத்தில் வேறு எந்த வேலையிலாவது இப்படி உண்டா, எனக்குத் தெரியாது.

கார்னெலின் இடது முட்டி மூன்று வருடத்துக்கு முன்பே கெட்டுவிட்டது. ஆட்டக் காலத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு மணிக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், என் அறைக்கு வருவான். முட்டி பன் மாதிரி உப்பியிருக்கும். ஐஸ் வைப்பேன், இறுக்கிக் கட்டுவேன். பேனாவை எடுத்தால் என் கையைப் பிடித்துக்கொள்வான்.

"மிஸ் ஹேஸல், எழுதாதீங்க. எழுதினா ஒரு வாரம் உக்கார வைப்பாங்க. அந்த ஒரு வாரத்துல என் எடத்துல ஒருத்தன் வந்து நின்னுடுவான். அப்புறம் நான் எர்வினுக்கு பயந்து கக்கூஸ்ல குடியிருக்கணும்."

நான் 'வலி இல்லை' என்று எழுதினேன். அவன் கேட்டான், நான் இரங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. காயப் பட்டியல் நீண்டால் தலைமைப் பயிற்சியாளருக்குப் பிடிக்காது. பட்டியலை நீளவிடாத பராமரிப்பாளருக்கு வேலை நிலைக்கும். பத்தொன்பது வருடம் நான் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கெடு நாள் காலை பொது மேலாளர் வாஸ் என் அறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "பூத்ரோவுக்கு பதினோரு மணிக்கு பரிசோதனை. தேறிடுவான்ல? உங்க பதிவேடு சுத்தமாத்தானே இருக்கு?"

"சுத்தமா இருக்கு" என்றேன். அந்த வார்த்தை வாயிலேயே கசந்தது.

கார்னெல் வந்தபோது நடைபாதையில் அவனை மடக்கினேன். அணியின் சம்பளம் வாங்குகிறவள் நான், ஒப்பந்தத்தைப் பற்றி ஆட்டக்காரனிடம் பேசக்கூடாது. பயந்துகொண்டே அரைகுறையாகச் சொன்னேன். "டாக்டர் கேட்டா, வலி இருந்தா இருக்குன்னு சொல்லிடு. இன்னைக்கு மட்டுமாவது."

கண்ணடித்தான். "என்னைச் சோதிக்கிறீங்களா? என்னைத் தூக்க ஏதாவது சாக்கு கிடைக்குமான்னுதானே கூப்பிட்டிருக்காங்க? நான் பழைய ஆளு, மிஸ் ஹேஸல்."

அவனுக்குத் தெரிந்த உலகத்தில் வலி என்று சொன்னவன்தான் வீட்டுக்குப் போவான். அது தலைகீழாகத் திரும்பும் நாள் ஒன்று வரும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

டாக்டர் லிண்ட்க்விஸ்ட் நேர்மையானவர், ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். புகார் இருந்தால்தான் முட்டியை ஸ்கேன் படம் எடுப்பார். கார்னெல் அவர் முன்னால் பத்து முறை உட்கார்ந்து எழுந்தான், சிரித்துக்கொண்டே. ஏழாவது தடவை மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. நான் பார்த்தேன், டாக்டர் பார்க்கவில்லை.

"எங்கயாவது வலி?"

"மாமியார் வந்தா தலை வலிக்கும், டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பதிவுல ஏதாவது இருக்கா, ஹேஸல்?"

கார்னெல் என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

இரண்டரை மணிக்கு எர்வின் எடை தூக்கும் அறைக்குப் போனார். மூன்று மணிக்குக் கார்னெல் கையில் டேப்லட் இல்லாமல் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தூக்கிட்டாங்க. பரவாயில்ல. முட்டி விஷயத்தை நீங்க காட்டிக்குடுக்கல பாருங்க, அதுக்கு நான் சாகுற வரைக்கும் நன்றியோட இருப்பேன். காகிதம் சுத்தமா இருக்கு. வேற எங்கயாவது எடுத்துப்பாங்க."

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். உட்கார் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உத்தரவாதம், பரிசோதனை, வாஸ் காலையில் கேட்டது, நான் சொன்னது.

கார்னெல் குனிந்து தன் இடது முட்டியைப் பார்த்தான். பிறகு, "அப்போ வலிக்குதுன்னு சொல்லியிருந்தா…" என்றான்.

"உன்னை அசைச்சிருக்க முடியாது. நாலு மணிக்குத்தான் லீக்குக்கு காகிதம் போகும். இப்போ மூணு பத்து. நான் டாக்டர்கிட்ட போறேன். மூணு வருஷமா எழுதினது பொய்னு சொல்லிடறேன். உடனே படம் எடுப்பாரு."

"உங்க வேலை?"

"போகும். போகட்டும், போக வேண்டியதுதான்."

அவன் எழுந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். கால்களை அகட்டி, கைகளை முன்னால் வைத்து, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எப்படி நிற்பானோ அப்படி.

"முட்டி கெட்டுப்போச்சுன்னு ஒருதடவை காகிதத்துல ஏறிட்டா மத்த முப்பத்தொரு டீமும் என்னை சீந்தாது. சம்பளம் வரும், சரி. ஆனா அதோட நான் ஆட்டக்காரன் இல்ல, நோயாளி. அதுவுமில்லாம நான் இருந்தா எனக்குப் பதிலா வேற ஒருத்தனைத் தூக்குவாங்க. விடுங்க, மிஸ் ஹேஸல்."

"வேற டீம்ல மட்டும் பரிசோதனை இல்லாமலா எடுப்பாங்க?"

"அங்கயும் சிரிப்பேன்."

"தள்ளு."

"மாட்டேன்."

எனக்கு வயது ஐம்பத்தேழு, அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். கத்தியிருக்கலாம். கத்தி ஆளைக் கூட்டினால் அவனுக்குத்தான் அவமானம். நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். "சரி, நில்லு. நாலு மணி வரைக்கும் அந்தக் கால்ல நின்னுட்டா, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எட்டு வருஷமா நிக்கறேன்."

"ஒரு தடவைக்கு ஆறு விநாடி, அதுக்கப்புறம் மூச்சு வாங்கிப்ப. உன்னைவிட எனக்குத் தெரியும்."

மூணு இருபதுக்கு அவன் எடையை வலது காலுக்கு மாற்றினான். என்னைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூணு இருபத்தெட்டுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இடது தொடை நடுங்க ஆரம்பித்தது, கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. முழங்கால் உள்பக்கமாக மடிவதும் அவன் அதை நிமிர்த்துவதுமாக இருந்தான். ஓர் இடத்தில் சும்மா நிற்பது அவனுக்கு அவ்வளவு பெரிய வேலையாகிவிட்டிருந்தது. எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று நூறு முறை தோன்றியது. பிடிக்கவில்லை. மூன்று வருடம் பிடித்துக்கொண்டதுதான் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

மூணு முப்பத்தாறுக்கு முதுகு கதவில் உரச மெல்லக் கீழே இறங்கினான். தரையில் உட்கார்ந்து இடது காலை நீட்டி, இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டான்.

நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னான்.

"வலிக்குது, மிஸ் ஹேஸல்."

எட்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"ரொம்பவா?"

"ரொம்ப. ராத்திரியில பொண்ணைத் தூக்கிக்கிட்டு மாடி ஏற முடியல. உக்காந்து உக்காந்துதான் ஏறுவேன்."

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்தான். என்மீது சாய்ந்ததில் எனக்கே மூச்சு முட்டியது. டாக்டரின் அறை நடைபாதையின் கடைசியில் இருக்கிறது. கட்டடத்துக்குள் ஒரு தடவைகூட நொண்டாதவன், எல்லோரும் பார்க்க நொண்டிக்கொண்டே வந்தான். எதிரே வந்த எர்வின் சுவரோரமாக ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார்.