தகரத்தம்பியின் ஜனாஸா

ஜுனைதாவின் வாப்பா முகம்மது தம்பிக்கு முழங்கால் இரண்டும் மடங்காது. கரையில் இழுத்துக்கொண்டிருந்த தோணி சரிந்து அவர் மேல் விழுந்த நாளிலிருந்து காலை விறைப்பாகத் தூக்கி வைத்துத்தான் நடப்பார். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால்கூட முழு உடம்பையும் திருப்ப வேண்டும். மற்றவர்களின் கிழிந்த வலை பொத்திப் பிழைத்தார். சாய்ந்தமருதில் இதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, காலிதீன் வீட்டுக்கு டீவி வரும்வரை.

காலிதீனுக்குக் கல்முனைப் பசாரில் புடவைக்கடை. எண்பத்துமூன்றில் வீட்டு வளவில் நெடிய அன்டெனா ஒன்றை நட்டு, விறாந்தையில் டீவியை வைத்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய இங்கிலீசுப் படம் போடுவார்கள். பறக்கும் தட்டு, செவ்வாய்க் கிரகத்து மனிதர், ஊரை விழுங்கும் ராட்சதப் பூச்சி, எல்லாம் கறுப்பு வெள்ளையில். வசனம் ஒருவருக்கும் விளங்காது. காலிதீன் சாய்மனைக் கதிரையில் இருந்து விளக்கம் சொல்லுவார், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பட்டப்பெயர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்கு மட்டும் எவரும் பெயர் வைக்கவில்லை. வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை அந்த வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

முகம்மது தம்பிக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். பார்த்துவிட்டு வந்து மகளுக்கு ஒன்றுவிடாமல் சொல்லுவார். "வானத்தில எத்தின ஊர் இரிக்கி தெரியுமா புள்ள," என்பார். தாயில்லாத அந்த வீட்டில் சனிக்கிழமைதான் பேச்சுச் சத்தம் கூடுதலாகக் கேட்கும் நாள்.

ஒரு சனிக்கிழமை, வலை வேலை முடியாமல் பிந்திப் போனார். டீவியில் ரொக்கட் ஒன்று பாலைவனத்தில் வந்து இறங்கி, கதவு திறந்து, தகரத்தால் செய்த மனிதன் ஒருவன் விறைத்த காலோடு வெளியே வந்தான். அதே நேரம் வாசலில் முகம்மது தம்பி.

"வாங்க, வாங்க," என்றார் காலிதீன். "ஒங்கட ஆள் இப்பதான் எறங்கிறாரு. டேய், தகரத்தம்பிக்கு இடம் குடுங்கடா."

விறாந்தை அதிர்ந்தது. முகம்மது தம்பியும் சிரித்துப் பார்த்தார். பிறகு திரும்பிப் போகப் பார்த்தார். அதற்கு முழு உடம்பும் திரும்ப வேண்டும் அல்லவா, அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து, "அந்தத் தகர மனிசன் பாவம் புள்ள. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யல்ல, கல்லால எறியிறானுகள்," என்றார்.

"மறுகா என்ன நடந்த வாப்பா?"

"முடிவு பாக்கல்ல."

ஒரு மாதத்தில் ஊருக்கு அவருடைய சொந்தப் பெயர் மறந்து போனது. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் வாங்குப் பலகையில் இருந்து தொழுபவரின் முதுகுக்குப் பின்னால் பொடியன்கள் தகரம் தட்டுவதுபோல் சத்தமிட்டார்கள். அவர் அடுத்த ஊரான மாளிகைக்காட்டுப் பள்ளிக்குப் போகத் தொடங்கினார், அந்தக் காலோடு. மாவடிப்பள்ளியிலிருந்து ஜுனைதாவைப் பெண் பேசி வந்தவர்கள் சந்தியில் வழி கேட்க, அங்கே நின்றவர்கள் "தகரத்தம்பிட வீடா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பிறக்கும் பேரப்பிள்ளைக்கும் இந்தப் பெயர்தான் ஒட்டும் என்று வந்தவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் முகம்மது தம்பி காலிதீனிடம் போய், வைத்த பெயரை எடுத்துவிடும்படி கெஞ்சினார். காலிதீன் கையைப் பிடித்து, "கவலப்படாதீங்க காக்கா, எல்லாருக்கும் சொல்லுறன்," என்றார். சொல்லவும் செய்தார். அடுத்த படம் தொடங்கமுன் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "இண்டைக்கிருந்து ஒருத்தரும் தகரத்தம்பியத் தகரத்தம்பி எண்டு கூப்பிடக் கூடா. கூப்பிட்டாத் தகரத்தம்பிக்குக் கோவம் வரும்," என்றார். அன்றையப் படத்தைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு முகம்மது தம்பி வீட்டை விட்டு இறங்கியது குறைவு. அடுத்த மாரிக்காலத்தில் காய்ச்சல் பிடித்தது. படுக்கையில் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் மௌத்தானா பள்ளி ஸ்பீக்கர்ல அந்தப் பேரச் சொல்ல விடாத புள்ள."

"விடமாட்டன் வாப்பா."

ஒரு சனிக்கிழமை காலை அவர் போய்விட்டார். ளுஹர் தொழுகைக்குப் பிறகு, பாங்கு சொல்லும் சாலிஹ் மோதினார் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அலியார் மகன் முகம்மது தம்பி காலமானார், அஸர் தொழுததும் நல்லடக்கம். ஜுனைதா கேட்டபடி அவ்வளவுதான் சொன்னார்.

மாவடிப்பள்ளியிலிருந்து சாச்சா வந்து குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார். கபனுக்குள் எல்லாருடைய காலும் நீட்டித்தான் கிடக்கும். இப்போதுதான் வாப்பா மற்றவர்களைப்போல் இருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

பெண்கள் பக்கத்துக்குக் கட்டிய திரையின் இடுக்கால் வாசலில் கிடந்த ஆண்களின் செருப்பை எண்ணினாள். பதினொரு சோடி. நாற்பது பேர் நின்று தொழுதால் இறந்தவருக்காக அவர்கள் கேட்கும் துஆ ஏற்கப்படும் என்று மத்ரஸாவில் படித்தவள் அவள். மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். இரண்டு ஒழுங்கை தள்ளிக் காலிதீன் வீட்டிலிருந்து காற்றோடு சிரிப்புச் சத்தம் வந்தது. ராட்சதச் சிலந்தி ஒன்று யாரையோ தின்றுகொண்டிருந்தது.

அஸருக்கு அரைமணி நேரம் இருக்கையில் மோதினார் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"புள்ள, ஊருக்கு ஆளத் தெரியல்ல. இந்தக் குறிச்சிலயே மூணு முகம்மது தம்பி இரிக்காங்க. சனம் ஆரோ எண்டு இரிந்திட்டுது."

அவள் மறுபடி வாசல் செருப்புகளைப் பார்த்தாள்.

"ஒங்கட வாய்ச்சொல் இல்லாம நான் சொல்ல மாட்டன். என்ன எண்டு சொல்லட்டும்?"

வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், வாப்பாவின் மறுமை ஒரு பக்கம். இரண்டும் அவள் தலையில் விழுந்தது. அந்தப் பெயர் அதுவரை அவள் வாயில் வந்ததே இல்லை.

"தகரத்தம்பி எண்டு சொல்லுங்க," என்றாள்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. தகரத்தம்பி என்று அழைக்கப்படும் முகம்மது தம்பி. காலிதீன் வீட்டு டீவிச் சத்தம் சட்டென்று நின்றது. பத்து நிமிடத்தில் ஒழுங்கை நிறைந்தது. செருப்பை அறுபது சோடிவரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். "தங்கமான மனிசன்," என்று வாசலில் ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள்.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கமுன் காலிதீன் திரையடிக்கு வந்தார். கண் உண்மையாகவே சிவந்திருந்தது.

"படத்தப் பாதில நிப்பாட்டிப் போட்டு எல்லாரையும் கூட்டி வந்தன் புள்ள. முகம்மது தம்பி எண்டா ஆருக்குத் தெரியும்? நான் வெச்ச பேருக்கு எவ்வளவு சனம் வந்திரிக்கி பாத்தியா? ஒண்டுக்கும் கவலப்படாத. வாப்பாட பேர் இந்த ஊர்ல அழியாது."

"ஓம்," என்றாள் ஜுனைதா. சந்தூக்கின் பின்னால் நாற்பது பேர் நின்று தொழ அவரும் அவர் கூட்டி வந்த சனமும் வேண்டியிருந்தது.