மிசினுக்கு முறைத் தண்ணீர்

புதுச்சத்திரத்து அப்புசாமிக்கு முழுசாகச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. கிணறு பாதி, மோட்டார் பாதி, களம் பாதி. இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற சுவரில்கூட இந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு அவருடையது, அந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு சித்தப்பா மகன் சின்னண்ணனுடையது. பாகப்பிரிவினையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அப்புசாமியின் குறை.

மேட்டூரில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது நாற்காலிக்கும் பீங்கானுக்கும் கூட்டம் முண்டியடித்தது. துணி துவைக்கிற மிசினைக் கேட்டவர் அப்புசாமி ஒருவர்தான். லாரியிலிருந்து இறக்கி வைத்ததும், பனி பெய்கிற ஏதோ ஊரிலிருந்து வழி தவறி வந்த விருந்தாளிபோல அது கோழிகளுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று நின்றது. வயிற்றில் கப்பல் சன்னல் மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி.

“இது நம்முளுது. முழுசா நம்முளுது” என்றார் மனைவியிடம்.

வசந்தாமணி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, தொவைக்கிற ஆளு உள்ளாரயே இருக்குதுங்களா?”

சேலத்திலிருந்து தோமினிக் என்கிற பைப் மேஸ்திரி வந்தார். மொட்டை மாடியில் தொட்டி வைத்து, கிணற்று மோட்டாரிலிருந்து அதற்கு ஒரு குழாய் இழுத்து, தொட்டியிலிருந்து மிசினுக்கு இன்னொரு குழாய் இறக்கினார். “இதுக்கு நீங்க தண்ணி ஊத்த வேண்டியதே இல்லீங்க. வேணுங்கறதத் தானே எடுத்துக்கும். கண்ணாடில இருக்கற கோடு வரைக்கும் வந்தா தானே நிறுத்திக்கும்” என்றார்.

எடுத்துக்கொண்டது. நிறுத்திக்கொள்ளத்தான் இல்லை. கோட்டைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, கதவிடுக்கில் வழிந்து, வாசலில் ஓடி, சுவருக்கு அடியில் இருந்த சாக்கடைத் துவாரம் வழியாகச் சின்னண்ணன் வீட்டுக் கீரைப் பாத்தியில் போய்ச் சேர்ந்தது. வசந்தாமணி துணிக்கு நேரம் பார்ப்பதை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்து மூடவே நேரம் பார்த்தாள். அந்த மாதம் சின்னண்ணன் வீட்டுத் தண்டுக்கீரை இடுப்பளவு வளர்ந்தது.

“அண்ணா, மிசின் நல்லாத்தான் வேலை செய்யுதாட்ட இருக்குது” என்று சின்னண்ணன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். “எங்கூட்டுக் கத்திரிக்கும் ரெண்டு சுத்து ஓட்டச் சொல்லுங்க.”

அப்புசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் ஒருவனுக்கென்று வாங்கிய பொருள் பங்காளியின் பாத்திக்குப் பாடுபடுவதா? மறுநாளே தோமினிக்கைத் திரும்ப அழைத்தார்.

தோமினிக் மிசினின் முதுகைக் கழற்றி, தண்ணீர் வரும் வாயில் இருந்த வால்வை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு மணல் துணுக்கு விழுந்தது.

“இதானுங்க. இது நடுவுல மாட்டிக்கிட்டா வாய் மூடாது. சீமைக் குழாய்ல மணல் வராது, அதுக்கு நம்ம கிணத்தத் தெரியாதில்லீங்களா?”

குழாய் வாயில் கம்பி வலை வைத்துக் கட்டினார். தண்ணீர் மட்டத்துக்கான திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று முறுக்கிச் சரிபார்த்தார். அதன்பிறகு நடந்தது அழகு. கண்ணாடிக்குள் தண்ணீர் அவசரமில்லாமல் ஏறியது, கோட்டைத் தொட்டது, ‘டக்’கென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. அப்புசாமி முக்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். பால் ஊற்ற வந்தவர், வட்டி கேட்க வந்தவர், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டினார்.

“ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. எத்தனை தடவை வேணும்னாலும் வெச்சுப் பாருங்க!”

சுவருக்கு அந்தப் பக்கம் கீரை வாடியது. சின்னண்ணன் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினான்.

பங்குக் கிணற்றுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குடத்தில் மொண்டு போகிற தண்ணீருக்குக் கணக்குக் கிடையாது. எந்த நாளும் யாரும் எடுக்கலாம். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீருக்கு முறை உண்டு. இன்று இவருக்கு, நாளை அவருக்கு.

“என் முறை நாள்லயும் அண்ணன் மோட்டார் போட்டு மாடித் தொட்டிய ரொப்பறாருங்க” என்றான் சின்னண்ணன். “மிசின் குடமா, வயலா? அதச் சொல்லுங்க போதும்.”

“குடந்தான்! ஊட்டுக்குள்ள தானே இருக்குது?” என்றார் அப்புசாமி.

“எந்த ஊட்டுக் குடமுங்க தானாத் தண்ணி மொள்ளுது?”

கூட்டம் சிரித்தது. ஊர்ப் பெரியவர் செங்கோடன் சிரிக்கவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றார். வந்தார். மிசினை ஓட்டச் சொல்லி, அது கக்கிய தண்ணீரைக் குடங்களில் பிடிக்கச் சொன்னார். பத்துக் குடம். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் பத்து, விளிம்பில் ஒரு விரல்கடை வித்தியாசம்கூட இல்லை.

அப்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. “நாஞ்சொன்னனில்லீங்களா? ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு...”

“குறையாது. பார்த்தனப்பா” என்றார் செங்கோடன். “குடத்துத் தண்ணிய நாம ஏன் கணக்கு வெக்கல? அளக்க முடியாது, அதனால உட்டுட்டோம். போன மாசம் வரைக்கும் இதுவும் அப்படித்தான் கண்டபடி ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் நீயே அளந்து காட்டிட்டியே! அளக்கற தண்ணிக்குப் பங்கு உண்டு சாமி. பத்துல அஞ்சு தம்பியுது.”

“அஞ்சு குடத்த எப்படிங்க குடுக்கறது? சோப்புத் தண்ணியாவா?”

பெரியவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். “அழுக்குத் தண்ணியக் குடுக்கறது மொறையில்ல. தண்ணி எங்க இருக்குதோ அங்கயே பங்க வெச்சுக்கலாம். மிசின் வவுத்துல பாதி உன் துணி, பாதி அவன் துணி.”

மறுநாள் காலையில் சின்னண்ணன் மனைவி காளியாத்தாள் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தாள். அவளும் வசந்தாமணியும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. மிசின் சுற்றி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வாய் மூடி இருப்பார்கள்? மூன்றாவது தடவையில் வெற்றிலைப் பெட்டி நடுவில் வந்தது. அதன்பிறகு சிரிப்புச் சத்தம் களம்வரைக்கும் கேட்டது.

அப்புசாமி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அளவு போனால் பங்கும் போகும். ஒரு மத்தியானம், பெண்கள் கொடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, திருப்புளியோடு மிசினின் பின்பக்கம் குந்தினார். மட்டத் திருகில் நுனியை வைத்தார்.

“ஏனுங்க!”

வசந்தாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் காளியாத்தாள், வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கியபடி.

“அதத் தொடாதீங்க. காளியாத்தா பாவாடை இன்னொரு சுத்துக்குக் கெடக்குது. அந்தப் பக்கம் எந்திரிச்சுப் போங்க.”

அப்புசாமி எழுந்தார். திருப்புளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். காளியாத்தாள் பாவாடையை உள்ளே போட்டு மிசின் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி, கோட்டைத் தொட்டு, ‘டக்’கென்று நின்றது.